நாட்பட்ட நோயாளிக்கு உடற்பயிற்சி: அளவைப் பாதியாக்கினால் போதாதா?

கேள்வி, பிப்ரவரி 3

உடற்பயிற்சி உடலியங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்தில் நாட்பட்ட நோயாளிகளுக்கென்று தனிப் பாடம் வருகிறது. ஆரோக்கியமானவருக்கு எழுதித் தரும் திட்டத்தையே வேகத்திலும் நேரத்திலும் பாதியாக்கிக் கொடுத்தால் முடிந்தது, இதற்கு ஒரு முழுப் பருவம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

போதாது. இதயம், நுரையீரல் நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன், எனக்கும் பதின்ம வயதிலிருந்து முதல் வகைச் சர்க்கரை நோய் உண்டு, அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1870-ல் அடால்ஃப் ஃபிக் சொன்ன சமன்பாட்டை முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள். உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் என்பது, இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் ரத்தத்தின் அளவை, தமனி ரத்தத்துக்கும் சிரை ரத்தத்துக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்தால் பெருக்கினால் வருவது. தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு வரிதான். காற்று நுரையீரலுக்குப் போக வேண்டும், அங்கிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்தை இதயம் தள்ள வேண்டும், தமனி வழிவிட வேண்டும், கடைசியில் தசை அதை எடுத்து எரிக்க வேண்டும். ஆரோக்கியமான இளைஞனிடம் பெரும்பாலும் இதயம் அனுப்பும் ரத்தத்தின் அளவுதான் எல்லை போடுகிறது. சிஓபிடி, அதாவது காற்றுக்குழாய் அடைபட்டுக் காற்று வெளியேறச் சிரமப்படும் நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவரிடம் மூச்சு முதலில் நிறுத்துகிறது. டயாலிசிஸ் நோயாளியிடம் ஹீமோகுளோபின் குறைவு. கால் தமனி அடைத்தவரிடம் கெண்டைக்கால். எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் எதைப் பாதியாக்குவீர்கள்?

சிஓபிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வேகமாகும்போது உள்ளே போன காற்றை முழுதாக வெளியேற்ற அவருக்கு நேரம் போதாது. காற்று உள்ளேயே தேங்கும், ஏற்கெனவே நிறைந்திருக்கும் நெஞ்சின் மேல் அடுத்த மூச்சை இழுக்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கி அரைமணி நேரம் விடாமல் நடக்கச் சொன்னால் பலரால் முடியாது, முடிந்தாலும் கால் தசைக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதே ஆளை 30 விநாடி நன்றாக மிதிக்கவிட்டு 30 விநாடி ஓய்வு கொடுத்துப் பாருங்கள், தேங்கிய காற்று வெளியேற இடைவெளி கிடைக்கிறது, தசைக்கும் உண்மையான சுமை கிடைக்கிறது. இங்கே குறைத்தது ஒரே மூச்சில் செய்யும் நேரத்தை மட்டும்தான், சுமையைக் குறைக்கவே இல்லை.

பிப்ரவரி 4

கால் தமனி அடைப்பைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அங்கே பாதி அளவு கணக்கு இன்னும் மோசமாகத் தோற்கும். வலி வரும்வரை நடக்க வேண்டும், வலி ஓரளவு பலமாகும்வரை தாங்கி நடந்து, நின்று, வலி முழுக்க அடங்கிய பிறகு மறுபடி நடக்க வேண்டும். வலிக்கு முன்பே நிறுத்திக்கொள்ளும் மென்மையான நடையைப் பரிந்துரைத்தால் நோயாளிக்கு நம்மைப் பிடிக்கும், நடக்கும் தூரம்தான் பெரிதாகக் கூடாது. கால் வலியோடு வரும் மனிதரிடம் வலிக்கும்வரை நடங்கள் என்று சொல்ல முதலில் எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று விளக்கிச் சொன்னால் அவர்கள் நம்மைவிடத் துணிச்சலாக இருக்கிறார்கள்.

பிப்ரவரி 5

நாடித்துடிப்பு. இதற்குத் தனிக் குறிப்பு தேவை.

உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிட 220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் எல்லாக் கருவியிலும் ஒட்டியிருக்கிறது. அது 1971-ல், ஏற்கெனவே இருந்த தரவுகளின் மேல் கண்ணளவில் போட்ட கோடு, அதற்கென்று ஆய்வு செய்து கண்டது கிடையாது. 2001-ல் தனாகாவும் சக ஆய்வாளர்களும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். 60 வயதுக்கு முதலாவது 160 தரும், இரண்டாவது 166. வித்தியாசம் சின்னது என்று தோன்றும், ஆனால் தனி மனிதர்கள் இரண்டு எண்ணிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலும் கீழும் விலகியிருப்பது சாதாரணம்.

அதையெல்லாம் விடுங்கள், அந்த 60 வயதுக்காரர் பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால் இரண்டு எண்ணுமே செல்லாது. மருந்தே இதயம் வேகமெடுப்பதைத்தான் தடுக்கிறது. சூத்திரப்படி இலக்கு வைத்தால் அவர் வாழ்நாளில் எட்ட முடியாத துடிப்பைத் துரத்திக்கொண்டிருப்பார். மாற்று இதயம் பொருத்தியவர் கதை இன்னும் வேறு: அறுவையில் நரம்புத் தொடர்பு அறுந்துவிடுவதால் பயிற்சி தொடங்கிச் சில நிமிடங்கள் துடிப்பு ஏறவே ஏறாது, ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகு மெல்ல ஏறும், நிறுத்திய பிறகும் சட்டென்று இறங்காது. வார்ம் அப்பை நீளமாக வைக்க இதுதான் காரணம், வெறும் சம்பிரதாயத்துக்கு வைப்பதில்லை.

அதனால்தான் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் நமக்கு இவ்வளவு முக்கியம். 6-ல் தொடங்கி 20-ல் முடியும், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண் சொல்வார். 6 முதல் 20 என்று வைத்ததே ஆரோக்கியமானவரின் 60 முதல் 200 வரையான துடிப்போடு தோராயமாகப் பொருந்தத்தான். எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் எந்த வேகத்தில் கேட்டாலும் 13 என்றே சொல்வார். 13 சொன்னால் பயிற்சியாளர்கள் சந்தோஷமாகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டாராம், சிரித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் எண் கேட்பதை விட்டுவிட்டுப் பேரன் பேத்திகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் சரியான வேகம், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும்.

பிப்ரவரி 7

என் சொந்தக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் "பாதி அளவு பாதுகாப்பானது" என்ற எண்ணமே எங்கே தலைகீழாகிறது என்று என் உடம்பிலேதான் பார்த்தேன்.

படிக்கும்போது ஆய்வக வகுப்பில் சைக்கிளில் முழு வேகத்தில் சில விநாடி மிதிக்கும் சோதனை. நானும் ஏறினேன். முடிந்ததும் சர்க்கரை அளவைப் பார்த்தால் நன்றாக ஏறியிருக்கிறது. பயிற்சி செய்தால் சர்க்கரை குறையும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், வகுப்பே குழம்பிவிட்டது. நடந்தது இதுதான்: கடுமையான முயற்சியில் அட்ரினலின் பாய்ந்து கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டுகிறது, தசை எடுப்பதைவிட அது அதிகம். மற்றவர்களுக்கு முயற்சி முடிந்த உடனே கணையம் இன்சுலினைச் சுரந்து அதைச் சமன்செய்துவிடும். எனக்குச் சுரக்க ஆளில்லை.

அதே நான் மெதுவாக முக்கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். தசை சுருங்கும்போது, இன்சுலின் சொல்லாமலேயே ஜிஎல்யூடி-4 என்ற கடத்திகள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. ஏற்கெனவே ஊசியில் போட்ட இன்சுலினும் உள்ளே இருந்து வேலை செய்கிறது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டும் சேர்ந்தால் நடுவழியில் கை நடுங்கும். ஆக எனக்கு முழுவேக ஓட்டத்தைவிட மென்மையான நீண்ட நடையில்தான் தாழ்சர்க்கரை ஆபத்து அதிகம். பயிற்சியின் விளைவு 24 மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பதால் மாலையில் செய்ததற்கு நள்ளிரவில் விலை கொடுக்க நேரும். வீட்டில் தூங்குபவர்கள் யாருக்கும் தெரியாமல் நடக்கும் விஷயம் அது, அதனால்தான் மாலை வகுப்புக்கு வருகிறவர்களிடம் இரவு அளவைப் பற்றி விடாமல் கேட்கிறேன்.

பிப்ரவரி 7, பிற்பகல்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கும் என் அப்பா நடக்கப் பயப்பட வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியால் தாழ்சர்க்கரை வருவது அரிது. இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும்தான் கவனிக்க வேண்டியவை. எனக்கும் அந்த அப்பாவுக்கும் நோயின் பெயர் சர்க்கரை, அட்டையில் எழுதியிருப்பது ஒன்றே, மருந்துச் சீட்டு வேறு, ஆகவே திட்டமும் வேறு. இந்தப் பாடத்தில் பாதி மருந்தியல் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நீண்ட காலம் சர்க்கரை இருந்து தன்னியக்க நரம்புகள் கெட்டிருந்தால் துடிப்பு சரியாக ஏறாது, மாரடைப்பிலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர் செருப்புக்குள் கல்லோடு ஒரு மணி நேரம் நடந்துவிடுவார். பயிற்சி முடிந்ததும் பாதத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும் பழக்கத்தை, அதாவது காலுறையைக் கழற்றி, இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11

இதய நோயாளிக்குப் பயிற்சியா, ஓய்வல்லவா கொடுக்க வேண்டும் என்று ஒரு வாதம் கீழே ஓடுகிறது. வரலாறு தெரிந்தால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

நெஞ்சுவலியை விவரித்து வைத்த வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமான ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார், 1802-ல் அச்சானது. அதற்குப் பிறகும் இருபதாம் நூற்றாண்டில் மாரடைப்பு என்றால் ஆறு வாரம் அசையாமல் படுக்கை. 1952-ல் லெவைனும் லோனும் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதியதே அன்றைக்குப் பெரிய துணிச்சல். மறு ஆண்டு ஜெரிமி மாரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி வெளியிட்டார்: நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. 1966-ல் டல்லாஸில் 20 வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள், உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் விழுந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தபோது, 30 ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் செய்திருந்தது தெரிந்தது. நோயாளியிடம் நாம் பார்க்கும் பலவீனத்தில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு படுத்ததால் வந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதயச் செயலிழப்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் வெளியேற்று விகிதம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, ஒரேபோல் உள்ள இரண்டு பேரில் ஒருவர் மாடி ஏறுவார், இன்னொருவர் குளியலறைக்குப் போகவே திணறுவார். அந்த எண்ணுக்கும் நடக்கும் திறனுக்கும் தொடர்பு பலவீனம், வித்தியாசத்தில் பெரும்பங்கு கால் தசையிலும் ரத்தக் குழாயிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் பயிற்சியால் மாற்ற முடியும்.

பிப்ரவரி 11, இரவு

ஒரு மறுயோசனை. மேலே உள்ளதைப் படித்தால் பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று தோன்றும்படி இருக்கிறது. 2009-ல் வந்த ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வை முழுதாகப் படியுங்கள், சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். இதயச் செயலிழப்புள்ள 2331 பேர். பயிற்சி பாதுகாப்பானது என்று உறுதியானது. ஆனால் இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் குறைவு சிறியது, புள்ளியியல்படி உறுதியாகவில்லை. நோயின் தீவிரத்துக்கு ஈடுசெய்து கணக்கிட்ட பிறகே பலன் தெரிந்தது. வீட்டில் செய்யச் சொன்னதைப் பலர் சொன்ன அளவுக்குச் செய்யவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பயன்பட்டது அந்தக் கடைசி விஷயம்தான்.

பிப்ரவரி 14

"உடற்பயிற்சியே மருந்து" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இந்த வாசகம் எனக்குப் பிடிக்கும், ஆனால் மருந்து என்றால் யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் படிக்க வேண்டும் அல்லவா.

எம்இ என்றும் நாட்பட்ட சோர்வு நோய் என்றும் சொல்லப்படும் நோயில் உழைப்புக்குப் பின் வரும் சரிவுதான் அடையாளமே. செய்யும்போது சமாளித்துவிடுவார்கள், மறுநாளோ அதற்கு மறுநாளோ விழுவார்கள், எழுந்திருக்க நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். இவர்களைப் படிப்படியாக ஏற்றிவிடலாம் என்று பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிகள் மோசமாகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2021-ல், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலைத் திருத்தி, இந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் அந்தப் பயிற்சி முறையைத் தரக் கூடாது என்றது. நீண்ட கோவிட் உள்ளவர்களில் ஒரு பகுதியினரிடமும் இதே சரிவு இருக்கிறது.

எங்களிடம் அனுப்பப்பட்ட ஒரு பெண், வேறொரு இடத்தில் தன்னைச் சோம்பேறி என்று எழுதியே வைத்திருந்தார்கள் என்றார். முதல் சந்திப்பில் அவரை ஓடுபொறியில் ஏற்றவில்லை. போன வாரம் கொஞ்சம் அதிகமாக வேலை செய்த நாளுக்கு அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். எனக்கு அன்று கோபம் தாங்கவில்லை, இன்றும் இருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது இருக்கும் சக்திக்குள் நாளைப் பிரித்துக்கொள்ள உதவி, நாங்கள் செய்ததும் அதைத்தான்.

பிப்ரவரி 15

சரி, அப்படியானால் பயிற்சியில் மோசமானால் உடனே நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். மோசமாவதிலேயே வகை இருக்கிறது, எப்போது தொடங்கி எப்போது அடங்குகிறது என்று பாருங்கள். மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற, நரம்பின் உறையைச் சேதப்படுத்தும் நோய் உள்ளவருக்கு உடல் சூடேறியதும் பார்வை மங்கும், கால் தளரும். கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890-லேயே கவனித்தது. குளிர்ந்ததும் திரும்பிவிடும், நரம்புக்குப் புதுச் சேதம் இல்லை. மின்விசிறி, குளிர்ந்த நீர், குறுகிய சுற்றுகள் என்று வைத்தால் பயிற்சி தொடரலாம். முழங்கால் தேய்மானத்தில் செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்தால் பரவாயில்லை, மறுநாளும் வீங்கியிருந்தால் சுமையைக் குறையுங்கள். ஒரு நாள் தாமதித்து உடல் முழுக்க விழுகிறது என்றால் நேற்று எழுதியதைப் படியுங்கள். பயிற்சியின் நடுவே புதிதாக நெஞ்சுவலி, மயக்கம் என்றால் யோசிக்க எதுவும் இல்லை, நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

பிப்ரவரி 20

இதுவரை ஒவ்வொரு நோயாக எழுதிவிட்டேன், புத்தகமும் அப்படித்தான் அத்தியாயம் பிரிக்கிறது. வாசல் வழியாக வருபவர் அப்படி வருவதில்லை. இதயச் செயலிழப்பு, சர்க்கரை, சிறுநீரகம் பாதி, முழங்கால் தேய்மானம் எல்லாம் சேர்ந்து ஒரே ஆளாக வருவார், பையில் ஒன்பது மாத்திரை இருக்கும். பல ஆய்வுகள் இப்படிப்பட்டவரைச் சேர்ப்பதே இல்லை.

இங்கே நான் செய்வது, எது ஆபத்து என்பதையும் எது முதலில் நிறுத்துகிறது என்பதையும் தனித்தனியாகப் பார்ப்பது. ஆபத்து பெரும்பாலும் இதயத்திலும் இன்சுலினிலும். நிறுத்துவது அநேகமாக முழங்கால். முழங்கால் தாங்காதவரிடம் இதயத்துக்கான நடைத் திட்டம் எழுதி என்ன பயன், இரண்டாம் நாளே விட்டுவிடுவார். தொடைத் தசையில் தொடங்குவேன், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, அதில் கொஞ்சம் வலு வந்ததும் நடை.

எடைப் பயிற்சியா, இந்த வயதிலா என்று குடும்பத்தார் பதறுவார்கள். 1990-ல் மரியா ஃபியாடரோனியும் குழுவும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 90 வயதையொட்டிய தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. சுமை எவ்வளவு தெரியுமா, அவர்களால் ஒருமுறை தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். 90 வயது என்பதால் பாதியாக்கியிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

புற்றுநோய்க்கும் இதே பயம் இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கைவீக்கம் உள்ளவர்கள் எடையே தூக்கக் கூடாது என்றுதான் சொல்லி வந்தார்கள். 2009-ல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவின் ஆய்வு, மேற்பார்வையில் மெல்ல ஏற்றிய எடைப் பயிற்சியால் வீக்கம் கூடவில்லை என்று காட்டியது.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதற்கு ஒரு திருத்தம் போல: 80 சதவீதத்தை முதல் நாளே வைக்கச் சொல்லவில்லை. அங்கேயும் ஏற்றித்தான் போனார்கள். சர்க்கரையால் விழித்திரையில் புதுக் குழாய் வளர்ந்து கசியும் நிலையில் இருப்பவர் மூச்சை அடக்கிப் பளு தூக்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஏறிக் கண்ணுக்குள் கசியும். கண் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று கேட்காமல் எடைப் பயிற்சி எழுதாதீர்கள்.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, பயிற்சிப் பணிக்கு மருத்துவமனை ஒதுக்கிவிட்டார்கள், முதல் வாரத்துக்குள் எதைத் தயார் செய்ய என்கிறார். நல்லது.

ஈசிஜி. எல்லாக் கோளாறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இயல்பானதைக் கண்ணை மூடினாலும் தெரியும் அளவுக்குப் பாருங்கள், மாறும்போது தானாகக் கண்ணில் படும். மருந்து வகைகளில் துடிப்பைத் தொடுபவை, அழுத்தத்தைத் தொடுபவை, சர்க்கரையைத் தொடுபவை என்று மூன்று பட்டியல். அழுத்த மாத்திரை சாப்பிட்டவர் பயிற்சியைச் சட்டென நிறுத்தினால் தலைசுற்றி விழலாம், கூல் டவுனில் அருகிலேயே நில்லுங்கள்.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் நடைச் சோதனையை நண்பர்களிடம் செய்து பழகுங்கள், ஆனால் விதியோடு. 30 மீட்டர் நேர்பாதை, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும், எழுதி வைத்த அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்ல வேண்டும். மாணவர்கள் பாசத்தில் கைதட்டி உற்சாகப்படுத்துவார்கள், தூரம் கூடிவிடும், மூன்று மாதம் கழித்து வேறொருவர் அமைதியாகச் சோதித்தால் நோயாளி தேறவே இல்லை என்று பதிவாகும். ஊன்றுகோலோடு நடந்தவர் அடுத்த முறையும் ஊன்றுகோலோடுதான் நடக்க வேண்டும், அதைக் குறித்து வையுங்கள்.

இன்சுலின் போடுபவர் வகுப்புக்கு வந்ததும் சர்க்கரை அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தொடங்க விடாதீர்கள், 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு ஏறும்வரை பொறுங்கள். குளுக்கோஸ் மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்பார்கள். முதல் நாளே அலமாரியைத் திறந்து, இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.